காற்றுக்குக் கட்டிய கட்டணம்



எங்கள் பள்ளி நூலகத்திற்காகச் சென்னையிலிருந்து 70 சிறுவர் நூல்களை வரவழைத்தோம். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் வழி, குடும்பத்திற்குப் பத்து வெள்ளி எனத் திரட்டிய பணம் அது. பெட்டி வந்து சேர்ந்ததும் நிறுத்துப் பார்த்தோம். 11 கிலோகிராம் இருந்தது. கட்டணச் சீட்டிலோ 19.5 கிலோகிராம் என அச்சிட்டிருந்தார்கள். கிலோவுக்கு 25 வெள்ளி. ஆக, 275 வெள்ளி செலுத்த வேண்டிய இடத்தில் 487 வெள்ளி 50 காசு செலுத்தியிருந்தோம்.

ஏமாற்றப்பட்டோம் என்றே எண்ணினேன். அனுப்பியவர்களுக்கு ஒரு காரமான கடிதம்கூட எழுதி வைத்துவிட்டேன். நல்லவேளையாக, அதை அனுப்புவதற்கு முன் அந்த வெற்றுப் பெட்டியை ஐந்தாம் ஆண்டு வகுப்பிற்கு எடுத்துச் சென்றேன். அந்த வாரம் எங்கள் பாடம் கன அளவு.

மாணவர்கள் அளந்தார்கள். நீளம் 60 செண்டிமீட்டர், அகலம் 40, உயரம் 40. பெருக்கினால் 96,000 கன செண்டிமீட்டர். சீட்டின் அடியில் சிறிய எழுத்தில் 5000 என்றோர் எண் இருந்தது. அதனால் வகுத்தால் 19.2. அடுத்த அரைக் கிலோவுக்கு உயர்த்தினால் 19.5. கணக்கு மிகச் சரியாக இருந்தது. பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி கேட்டாள்: “அப்படியென்றால், நாம் காற்றுக்கும் காசு கட்டியிருக்கிறோமா ஐயா?”

என்னால் உடனே விடை கூற இயலவில்லை. ஏனெனில், “நூல்கள் கசங்கக் கூடாது, நல்ல பெரிய பெட்டியாகப் பார்த்து வையுங்கள்” என்று தொலைபேசியில் வற்புறுத்தியவனே நான்தான்.

விரைவு அஞ்சல் நிறுவனங்கள் ஒரு பொதிக்கு இரண்டு எடைகளைக் கணக்கிடுகின்றன. ஒன்று, தராசு காட்டும் எடை. மற்றொன்று, பெட்டி அடைத்துக்கொள்ளும் இடத்தை எடையாக மாற்றிச் சொல்லும் ‘கன அளவு எடை’. இவ்விரண்டில் எது அதிகமோ அதற்கே கட்டணம். பன்னாட்டு விரைவு அஞ்சலில் பெரும்பாலும் 5000 என்ற எண்ணால் வகுக்கிறார்கள். சில சேவைகளில் 6000. ஐயாயிரத்தால் வகுக்கும்போது, ஒரு கன மீட்டர் இடம் 200 கிலோகிராமுக்குச் சமமாகிறது. கப்பலில் பிறர் சரக்கோடு சேர்த்து அனுப்பும்போதும் இதே போன்ற முறைதான். அங்கே பொதுவாக ஒரு கன மீட்டரை ஒரு டன்னுக்கு இணையாக வைத்து, எது அதிகமோ அதற்குக் கட்டணம் வாங்குவார்கள்.

இதில் அநியாயம் ஏதும் இல்லை. விமானத்தின் சரக்கறையில் பஞ்சு மூட்டைகளை அடுக்கினால், எடை வரம்பை எட்டுவதற்கு நெடுநேரம் முன்பே இடம் தீர்ந்துவிடும். இடத்தைப் பிடித்தவர் அதற்குரிய விலையைக் கொடுக்க வேண்டும் அல்லவா? சாலை வழிப் பொதிகளுக்கும் இம்முறை பரவிவிட்டது. அமெரிக்காவின் பெடெக்ஸ், யுபிஎஸ் ஆகிய இரு பெரும் நிறுவனங்கள், பெரிய பொதிகளுக்கு மட்டும் வைத்திருந்த இவ்விதியை 2015 தொடக்கத்தையொட்டிச் சிறிய பொதிகளுக்கும் விரிவாக்கின.

தீபாவளிக்கு வெளிநாட்டில் படிக்கும் பிள்ளைக்குப் பலகாரம் அனுப்பும் தாய்மார்களுக்கு இது நன்கு புரியும். அதிரசம் அடக்கமானது, தராசு எடைக்கே கட்டணம் வரும். முறுக்கு அப்படியன்று. அதன் வளையங்களுக்கிடையே இருப்பதும் காற்று, டப்பாவில் மிஞ்சியிருப்பதும் காற்று. அதை இன்னும் பெரிய பெட்டியில் வைத்தால் பலகாரத்தைவிடக் காற்றுக்கே அதிகம் கொடுக்க நேரும்.

இனி என் கருத்துக்கு வருகிறேன். நீளம், அகலம், உயரம் ஆகியவற்றைப் பெருக்கினால் கன அளவு என்பதைப் பல ஆண்டுகளாகக் கற்பித்து வருகிறேன். என் மாணவர்கள் பயிற்சி நூலின் கனச்செவ்வகங்களுக்குப் பிழையின்றி விடை எழுதுகிறார்கள். ஆயினும் உண்மையான கனச்செவ்வகம் ஒன்று என் மேசைமேல் வந்து அமர்ந்தபோது, கற்பித்த எனக்கே அந்தப் பாடம் நினைவிற்கு வரவில்லை. வாழ்க்கையில் கைகொடுக்காத கணிதத்தைத் தேர்வுத்தாளுக்காக மட்டும் கற்பித்து வந்திருக்கிறேன் என்பதே இதன் பொருள்.

“பாடத்திட்டத்தை முடிக்கவே நேரமில்லை, இதற்கெல்லாம் எங்கே போவது?” என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். எனக்குத் தேவைப்பட்டவை இரண்டு பாடவேளைகள், ஒரு பெட்டி, ஓர் அளவுகோல். முதல் பாடவேளையில் கட்டணத்தைக் கண்டறிந்தோம். அடுத்ததில், அதே 70 நூல்களை அடுக்கிப் பார்த்து, 40, 30, 25 செண்டிமீட்டர் பெட்டியே போதும் என்று மாணவர்கள் நிறுவினார்கள். அதன் கன அளவு எடை 6 கிலோகிராம் மட்டுமே. ஆகவே தராசு காட்டும் 11 கிலோவுக்கே கட்டணம் வந்திருக்கும்.

மற்றொன்றையும் கண்டுபிடித்தார்கள். 50, 40, 30 செண்டிமீட்டர் பெட்டியின் கன அளவு எடை 12 கிலோகிராம். ஒவ்வொரு பக்கத்தையும் பத்தில் ஒரு பங்கு குறைத்தால் 45, 36, 27. இப்போது கன அளவு எடை 8.75 கிலோகிராமுக்கும் சற்றுக் குறைவு. பக்கங்கள் பத்து விழுக்காடு சுருங்க, கன அளவு 27 விழுக்காடு சுருங்குகிறது. இதை நான் கரும்பலகையில் எழுதிக் காட்டியிருந்தால் எத்தனை பேர் வியந்திருப்பார்கள்?

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டிற்குப் பொதி ஏதேனும் வந்தால் பெட்டியை உடனே எறிந்துவிடாதீர்கள். பிள்ளையிடம் அளவுகோலைக் கொடுத்து அளக்கச் சொல்லுங்கள். நீங்கள் பொதி அனுப்பும்போதும், பொருள் சேதமுறாத அளவுக்குச் சிறிய பெட்டியைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை அவர்களிடமே ஒப்படையுங்கள்.

நாங்கள் கூடுதலாகச் செலுத்தியது 212 வெள்ளி 50 காசு. அது இருபத்தொரு குடும்பங்கள் கொடுத்த பணத்தைவிடச் சற்று அதிகம். சங்கக் கூட்டத்தில் எழுந்து என் தவற்றை ஒப்புக்கொண்டேன். எழுதி வைத்திருந்த கடிதத்தையும் கிழித்துவிட்டேன். அடுத்த முறை நூல்கள் வாங்கும்போது பெட்டியின் அளவை ஐந்தாம் ஆண்டு மாணவர்களே முடிவு செய்வார்கள்.