கடைசியா கை வச்சது யாரு?

எங்க புதுமடத்துல மீன் லாரின்னா அது பழைய டூ ஸ்ட்ரோக் டிவிஎஸ் எக்ஸ்எல்தான். சிரிக்காதீங்க, அது இழுக்கிற லோடு அப்படி! மாமா வண்டியில இருந்த ஃபில்டர் பெட்டியைக் கழட்டிட்டு கோன் ஃபில்டர் மாட்டிவிட்டது நான்தான். சத்தம் சூப்பர். மூணாம் நாள் ஐஸ் பெட்டியோட உச்சிப்புளி போறதுக்குள்ள இழுவை போச்சு, எஞ்சின் நெருப்பா கொதிக்குது, ஆக்சிலேட்டரை விட்டாலும் உறுமல் அடங்கலை.

மெக்கானிக் பிளக் மாத்தினார், காயில் மாத்தினார். காசும் போச்சு, அன்னிக்கு மீனும் போச்சு.

நேத்து வரைக்கும் நல்லா ஓடின வண்டின்னா கடைசியா கை வச்ச இடத்தைத்தான் முதல்ல சந்தேகப்படணும்கிறது என் கட்சி. ட்ரையல் பேலன்ஸ் டேலி ஆகலைன்னா புது கால்குலேட்டரா வாங்குறோம்?

பெட்ரோல் 1 கிராமுக்கு காத்து சுமார் 14.7 கிராம், அதான் கணக்கு. காத்து கூடினா பிளக் முனை காப்பி நிறம் போய் வெளுத்துடும். சோக்கை லேசா போட்டதும் வண்டி நல்லா இழுத்தா சந்தேகமே வேண்டாம். கார்புரேட்டர் ஜாயின்ட்ல கிளீனர் ஸ்ப்ரே அடிங்க (எஞ்சின் ஆறின பிறகு ஸ்டார்ட் பண்ணி!). சத்தம் மாறினா அங்கதான் லீக். மாறலைன்னா மெயின் ஜெட் பெருசா போடணும், இல்லை பழைய பெட்டியே கதி.

இதுல அலட்சியம் வேண்டாம் மக்களே. இந்த வண்டியில 2டி ஆயில் பெட்ரோலோட கலந்துதான் உள்ளே போகுது. பெட்ரோல் குறைஞ்சா ஆயிலும் குறையும், அப்புறம் பிஸ்டன் ஜாம். மாமாவுக்கு வேற வண்டி கிடையாது.

பழைய பெட்டியை மாட்டியாச்சு. கோன் ஃபில்டர் இப்ப என் மேஜையில பேனா ஸ்டாண்ட் :-)