மூடிய இலக்கத் தகடு

பழைய மோட்டார் வண்டிகளைப் பேணி வைப்பது செல்வர்தம் பொழுதுபோக்கு என்றே நாம் நெடுங்காலம் எண்ணியிருந்தோம். அண்மையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிரானில் இளைஞர் சிலர் கூடி நடத்திய பழைய வாகனக் காட்சியொன்றைக் கண்டு திரும்பியபின் அவ்வெண்ணத்தை மாற்றிக்கொண்டோம். எம்மை மாற்றியது வண்டிகளின் மினுக்கமன்று. ஒரு வண்டியின் இலக்கத் தகட்டின்மேல் கட்டப்பட்டிருந்த ஒரு முழத் துணியே.

பெரும்போக அறுவடை முடிந்த காலம். வெள்ளாமை வீடு வந்து சேர்ந்த நிம்மதியோடு மக்கள் குடும்பம் குடும்பமாக வந்திருந்தனர். வீதியோரத் திடலில் ஒன்பது வாகனங்கள் நின்றன. மொறிஸ் மைனர் இரண்டு, ஒஸ்ரின் ஏ40 ஒன்று, ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் ஒன்று, ஒரு காலத்தில் போடியார் வீடுகளில் நின்ற லான்ட் றோவர் இரண்டு; இவை ஆறும் முன்வரிசையில். பின்னே வேப்பமர நிழலில், அழையா விருந்தினரைப்போல, சாம்பல் நிறப் பெர்குசன் உழவு இயந்திரம் ஒன்றும், சிவப்பு நிற மசி பெர்குசன் ஒன்றும், இரு சில்லு லான்ட்மாஸ்டர் ஒன்றும் நின்றன.

முன்வரிசை மொறிஸ் மைனர் ஒன்றின் தகட்டையே துணி மூடியிருந்தது. காரணம் வினவினோம். முப்பது வயதை எட்டாத அதன் உரிமையாளர் சற்றுத் தயங்கிச் சொன்னார்: “மூத்தப்பா வாங்கின கார் ஐயா. நம்பரில சிங்கள ஸ்ரீ கிடக்கு. பார்க்கிற ஆக்கள் என்ன சொல்லுவாங்களோ எண்டுதான் மூடின.” தகட்டையே மாற்றிவிட்டால் என்ன என்று அருகில் நின்ற பெரியவர் ஒருவர் யோசனை கூறினார். பதிவிலக்கத்தை மனம்போல் மாற்றச் சட்டம் இடந்தராது என்பது ஒருபுறமிருக்க, அவ்வெழுத்தை ஏன் மறைக்கலாகாது என்பதை அவ்விருவருக்கும் எடுத்துச் சொன்னோம். அதனையே ஈண்டு எழுதுகின்றோம்.

அவ்விளைஞர் பிறப்பதற்கு முன் நிகழ்ந்தவை இவை. 1956ஆம் ஆண்டின் தனிச்சிங்களச் சட்டத்தை அடுத்து, வாகனப் பதிவிலக்கங்களில் அதுவரை வழங்கிய ஆங்கில எழுத்துகளின் இடத்தில் சிங்கள ஸ்ரீயைப் பொறிக்கும் விதி 1957இல் நடைமுறைக்கு வந்தது. தமிழரசுக் கட்சி அதனை எதிர்த்தது. அவ்வாண்டு யூலை 26ஆம் நாள் பண்டாரநாயக்க – செல்வநாயகம் ஒப்பந்தம் கைச்சாத்தாகிச் சிறிது நம்பிக்கை துளிர்த்தது. 1958 ஜனவரி முதலாம் நாள் பஸ் சேவைகள் அரசுடைமையாகி இலங்கைப் போக்குவரத்துச் சபையின் கைக்குச் சென்றன. ஸ்ரீ பொறித்த அச்சபையின் பஸ்கள் சில மாதங்களில் தமிழ்ப் பகுதிகளுக்கு அனுப்பப்பட்டபோது கிளர்ச்சி மூண்டது. வடக்கிலும் கிழக்கிலும் அவ்வெழுத்தின்மேல் தார் பூசினர். தெற்கிலோ தமிழ்ப் பெயர்ப்பலகைகள்மேல் தார் பூசப்பட்டது. இக்கிளர்ச்சியில் ஈடுபட்டமைக்காகத் திரு. செல்வநாயகம் அவர்கள் தண்டிக்கப்பட்டு, கிரானிலிருந்து அதிக தூரமில்லாத மட்டக்களப்புச் சிறையிலேயே வைக்கப்பட்டார். ஏப்பிரல் 9ஆம் நாள் ஒப்பந்தம் கைவிடப்பட்டது. மே மாதத்தில் இனவன்செயல் வெடித்தது.

இவ்வளவும் ஓரெழுத்தினால் மட்டும் விளைந்தன என்று நாம் சொல்லோம். ஆயின் அரசு தன் குடிமக்களில் ஒரு பகுதியினரை எவ்வாறு நோக்கியது என்பதை அவ்வெழுத்து ஒவ்வொரு வீதியிலும் ஓடிக் காட்டியது. இன்று புதிதாகப் பதிவாகும் வாகனங்களில் அவ்வெழுத்து இல்லை. ஆங்கில எழுத்துகளே திரும்ப வந்துவிட்டன. எந்த எழுத்து இன்றியமையாதது என்று நாட்டை இரண்டாக்கினார்களோ, அதனை ஒரு சந்தடியுமின்றிக் கைவிட்டார்கள். இந்தப் பாடத்தைப் பாடநூல் சொல்லாவிடினும் அந்த மொறிஸ் மைனர் சொல்லும், அதன் வாயைத் துணியால் கட்டாதிருந்தால்.

தென்னிலங்கைக் காட்சிகளிலும் இவ்வெழுத்தை மெருகேற்றிய தகடுகளில் நாம் கண்டதுண்டு. அதன் வரலாற்றைக் கூறும் பலகையை ஓரிடத்திலும் கண்டதில்லை. அங்கே மெருகு மறைக்கின்றது; இங்கே துணி மறைக்கின்றது. இரண்டும் ஒன்றே.

வாகனக் காட்சியில் சட்டத்துக்கும் அரசியலுக்கும் என்ன வேலை என்று கேட்பார் உளர். இங்கிலாந்தில் ஆண்டுதோறும் நவம்பரில் இலண்டனிலிருந்து பிறைற்றனுக்கு மிகப் பழைய கார்கள் ஓடும் விழாவை உலகம் அறியும். அவ்விழா எதனை நினைவுகூர்கின்றது? ஒரு சட்டத் திருத்தத்தையே. 1865ஆம் ஆண்டுச் சட்டம், இயந்திர வண்டிக்கு முன்னால் ஒருவன் செங்கொடி ஏந்தி நடக்கவேண்டும் என்றது. கொடி பின்னர் தளர்த்தப்பட்டபோதும், வண்டியை நடைவேகத்தில் கட்டிப்போட்ட விதிகள் 1896இல்தான் நீங்கின. அவ்விடுதலையைக் கொண்டாட 1896 நவம்பர் 14ஆம் நாள் ஓடிய ஓட்டத்தையே 1927 முதல் மீண்டும் மீண்டும் ஓடிக் காட்டுகின்றனர். தம்மைக் கட்டிய சட்டத்தை வண்டி கொண்டு ஆங்கிலேயர் நினைவுகூரலாம். நாம் நினைவுகூர்ந்தால் மட்டும் அது வம்போ?

அடுத்து நின்ற ஒஸ்ரின் ஏ40 வேறொரு சாட்சி. 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்தின் பின் கண்டி வீதி திறந்தபோது யாழ்ப்பாணத்திலிருந்து இங்கு வந்த வண்டி அது. புதுவர்ணம் பளபளத்தது. அதனை அந்நாளில் ஓட வைத்த முதிய மெக்கானிக் ஒருவர் சற்றே தள்ளி நாற்காலியில் அமர்ந்திருந்தார். அவரிடம் பேச்சுக் கொடுத்தவர் எவருமிலர். நாம் கேட்டபோது, “ஒரு மூடி பெற்றோல் இருந்தாக் காணும் ஐயா. எஞ்சின் சூடாகினாப் பிறகு மண்ணெண்ணெயில ஓடும்” என்றார்.

1990 யூனில் போர் மீண்டும் மூண்டபின், வடக்குக்குப் பெற்றோலும் டீசலும் மின்கலங்களும் உதிரிப்பாகங்களும் செல்லாவண்ணம் தடை விதிக்கப்பட்டது. அக்காலத்தில் யாழ்ப்பாணத்தின் வீதிகளில் உயிரோடு நின்றவை இந்த ஒஸ்ரின்களும் மொறிஸ்களுமே. நோயாளரை வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றவை அவை. மணமக்களைச் சுமந்தவையும் அவையே. மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. குளிர்ந்த இயந்திரத்தில் பற்றாது. எனவே சிறு போத்தலிலிருந்து சில துளி பெற்றோலைக் காபரேற்றரில் விட்டுக் கிளப்பி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். அந்தப் பழைய இயந்திரங்கள் எரிபொருட் கலவையை ஏறத்தாழ ஏழில் ஒரு பங்காகவே அமுக்கின. ஆதலின் தரங்குறைந்த எண்ணெயையும் ஒருவாறு தாங்கின. பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக அமுக்கி, கணினியின் சொற்படி எரிபொருளைத் தெளிக்கும் இன்றைய கார்கள் அவ்வாறு தாங்கமாட்டா.

இதில் விந்தை யாதெனில், அவ்வித்தையைப் பின்வரிசைப் பெர்குசன் முன்னரே அறிந்திருந்தது. 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கொவென்றி நகரில் ஐந்து இலட்சத்துக்கு மேல் செய்யப்பட்ட அவ்வியந்திர வகையில் ஒன்று, பெற்றோலில் கிளம்பி, மண்ணெண்ணெய் போன்றதொரு மலிந்த எண்ணெயில் உழுவதற்கென்றே ஆக்கப்பட்டது. கொவென்றியின் பொறியியலாளர் வசதியோடு அமர்ந்து வரைந்து செய்ததை, எம் மெக்கானிக்குகள் தடையின் நடுவே, திருகாணியும் கிடைக்காத நாளில், கைப்பழக்கத்தால் செய்தனர். அதே 1990களில் தென்னிலங்கையில் மொறிஸ் மைனர் உதிரிப்பாகங்கள் செய்யப்பட்டு இங்கிலாந்துக்கு ஏற்றுமதியாயின. ஒரே தீவு, ஒரே வண்டி. ஒரு கரையில் ஏற்றுமதிப் பண்டம். மறுகரையில் தடைப் பண்டம்.

2022இல் நாடு முழுவதும் எரிபொருளுக்கு இரவு பகலாக வரிசையில் நின்றது. யூலையில் கியூஆர் அட்டையும் பங்கீடும் வந்தன. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. அந்நாட்களில் தெற்கிலுள்ளோர் பட்ட துன்பத்தை நாம் எள்ளவில்லை. ஒரு தலைமுறைக்கு முன்னர் வடக்கு பட்டது யாதென உணரும் வாயில் அன்று திறந்தது என்றே கருதுகின்றோம். அவ்வுணர்வு நிலைக்க வேண்டுமாயின் சான்று வேண்டும். அமெரிக்கத் தடையால் கியூபாவில் எஞ்சிய 1950களின் கார்களை உலகமெங்குமிருந்து சென்று பார்க்கின்றனர். எம்முடைய மண்ணெண்ணெய்க் கார்களின் கதையை எம் பிள்ளைகளே அறியார்.

மாரியில் வெள்ளம் ஏறிக் கிரான் – புலிபாய்ந்தகல் வீதி மூழ்கும்போது அப்பால் வாழும் மக்கள் துண்டிக்கப்படுகின்றனர். அவர்கள் கதியிருக்கப் பழைய கார் ஒரு கேடா என்று கமக்காரர் கேட்பின் அக்கேள்வி நியாயமே. எமது விடையும் அவ்வீதியிலேயே உள்ளது. வெள்ள நாட்களில் தோணியும் உழவு இயந்திரமுமே அங்கு மக்களைக் கரை சேர்த்து வந்தன. அவ்வாறு உழைத்த இயந்திரத்தை மரத்தடியில் ஒதுக்கி, காருக்கு மட்டும் மாலை சூட்டுவது எந்த நீதி? உழவு இயந்திரம் முன்வரிசைக்கு வரட்டும். அதன் அருகே, எந்த ஆண்டு வெள்ளத்தில் எத்தனை நாள் அது ஓடியது என்று எழுதி வைக்கட்டும். ஆட்சியாளர் வந்து பார்க்கும்போது அந்தப் பலகை ஒரு மனுவாகவும் அமையும்.

எம்மவர் குறையையும் சொல்லியாக வேண்டும். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டதை நாம் மறக்கவில்லை, மறக்கவும் மாட்டோம். ஆயின் வளவில் கிடந்த பழைய வண்டியைப் பழைய இரும்பு விலைக்கு நிறுத்து விற்றவர் யார்? பதிவுப் புத்தகத்தைக் கறையானுக்கு விட்டவர் யார்? எரிக்கப்பட்ட ஏட்டுக்குப் பிறர் பொறுப்பு; நாமே கைவிட்ட சான்றுக்கு நாமே பொறுப்பு. நீதிமன்றத்தில் ஆவணமில்லாத வழக்கு எப்பாடு படும் என்பதைத் தொழில்முறையில் நாம் நன்கறிவோம்.

ஆதலின் மூன்று கோரிக்கைகளை முன்வைக்கின்றோம். வாகனக் காட்சி நடத்துவோர், ஒவ்வொரு வண்டியின் அருகிலும் அது பதிவான ஆண்டையும், தகட்டின் வரலாற்றையும், போர்க்காலத்தில் அது ஓடிய விதத்தையும் தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகிய மும்மொழியிலும் எழுதி வைப்பாராக. முதிய மெக்கானிக்குகள் இருக்கும்போதே அவர்தம் வாய்மொழியைப் பதிவு செய்யும் பணியை, கிரானுக்கு அண்மையில் வந்தாறுமூலையில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகம் ஏற்பதாக. வழக்கறிஞரும் ஆசிரியரும் பொறியியலாளரும் தத்தம் ஊரில் எஞ்சியுள்ள பழைய வாகனங்களின் பட்டியலைத் திரட்டுவாராக. இவற்றுக்குப் பெரும்பணம் வேண்டா. மனம் ஒன்றே வேண்டும்.

நாம் புறப்படுமுன் அவ்விளைஞர் துணியை அவிழ்த்துவிட்டார். அத்தகட்டைக் கண்டு எவரும் சினக்கவில்லை. சிறுவர் சிலர் மட்டும், இது என்ன எழுத்து என்று தம் தந்தையரைக் கேட்டனர். தந்தையர் பலருக்கு விடை தெரியவில்லை. அடுத்த காட்சி நடைபெறுமுன் அவ்விடையை எழுதி வைப்பது எம் அனைவரதும் கடமையாகும்.