பால்கோவா டாட் காம் வாங்கிப் போட்டா பணம் வருமா?

டொமைன் பேரை வாங்கி விக்கிறதைப் பத்தி வீடியோ போடுங்கன்னு ரொம்ப நாளா கேட்டுட்டு இருக்கீங்க. வீடியோவுல வரியைப் பத்தி மட்டும்தான் பேச நேரம் கிடைக்கும். என் கருத்தை இங்க எழுதிடறேன்.

ஆயிரம் ரூபாய் சுமாருக்கு ஒரு டாட் காம் பேரை ரெஜிஸ்டர் பண்ணி, சில லட்சத்துக்கு வித்துடலாம் என்பதுதான் கணக்கு. 2019-ல் வாய்ஸ் டாட் காம் 3 கோடி டாலருக்குப் போன கதையை எல்லாரும் சொல்வாங்க. என்னைக் கேட்டா, சம்பளக்காரருக்கு இது லாட்டரிச் சீட்டு. லாட்டரியாவது ஒரு தடவைதான் காசு கேட்கும், இது வருஷா வருஷம் ரினியூவல் கேட்கும். 40 பேர் வாங்கி வெச்சா வருஷத்துக்கு 40,000-க்கு மேல போயிடும். ஒரு எஸ்ஐபி-யே ஓட்டலாம்.

நம்ம ஊரையே எடுத்துப்போம். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைச்சது. சரி, ஊர்ப் பேரையும் பால்கோவாவையும் சேர்த்து நாலு டொமைன் வாங்கிப் போட்டா யார் வாங்குவாங்க? புவிசார் குறியீடு எந்த ஒரு கடைக்கும் தனிச்சொத்து கிடையாது. அந்த வட்டாரத்துல முறைப்படி செய்யறவங்களுக்குப் பொது. ஆண்டாள் கோயிலுக்கு வர்ற கூட்டத்தை நம்பிக் கடை வெச்சிருக்கிறவர் உங்களுக்கு 2 லட்சம் தர மாட்டார். தன் கடைப் பேர்லயே ஒரு டாட் இன் வாங்கிட்டுப் போயிடுவார். பக்கத்துல ராஜபாளையம் நாய்க்கும் இதே கதைதான். 2005-ல் தபால் தலையில வந்த பெருமை அந்த இனத்துக்கு உண்டு. ஆனா நாய்க்குட்டி வாங்கறவர் போன் நம்பரைத்தான் தேடுவார், டொமைன் பேரை இல்ல.

அப்போ பெரிய விலை கொடுக்கக்கூடியவர் யார்? ஏற்கெனவே அந்தப் பேரோட பிராண்டு வெச்சிருக்கிற கம்பெனி. சிக்கலே அங்கதான். சென்னையைச் சேர்ந்த சத்யம் இன்ஃபோவே, "சிஃபி" என்ற பேரைத் தானே உருவாக்கி 1999-லேயே டொமைன்களைப் பதிவு பண்ணியிருந்தது. 2001-ல் இன்னொரு நிறுவனம் கிட்டத்தட்ட அதே உச்சரிப்புல "சிஃபிநெட்" என்று டொமைன் எடுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போச்சு. டொமைன் பேருக்கும் டிரேட்மார்க் மாதிரியே பாதுகாப்பு உண்டுன்னு 2004 மே மாசம் தீர்ப்பு வந்தது. "முதல்ல நான் ரெஜிஸ்டர் பண்ணேன்" என்பது அதுக்கப்புறம் முழுப் பதில் ஆகாது.

2024 அக்டோபர்ல நடந்தது உங்களுக்கே ஞாபகம் இருக்கும். டெல்லியில ஒரு ஆப் டெவலப்பர் ஜியோஹாட்ஸ்டார் டாட் காமை முன்கூட்டியே வாங்கி வெச்சிருந்தார். கேம்பிரிட்ஜ் படிப்புக்காக ரிலையன்ஸ்கிட்ட 93,345 பவுண்டு கேட்டார், நம்ம காசுக்கு ஒரு கோடி பக்கம். கம்பெனி ஒத்துக்கல, சட்ட நடவடிக்கைன்னு பேச்சு வந்தது. பேர் துபாய்ல இருக்கிற ரெண்டு குழந்தைகள் கைக்குப் போச்சு. அவங்க ரிலையன்ஸுக்கு இலவசமாவே தரோம்னு சொன்னாங்க. அவரோட கணிப்பு நூற்றுக்கு நூறு சரி. 2025 பிப்ரவரியில அதே பேர்லதான் ஆப் வந்தது. கணிப்பு சரியா இருந்தும் அந்தக் கோடி வரல.

ஓடிட்டு இருக்கிற வெப்சைட்டை வாங்கறது வேற விஷயம். அங்க வருமானம் இருக்கு, அதனால மதிப்பு போட முடியும். ஃபிளிப்பா மாதிரி சந்தைகள்ல மாச லாபத்தை 20, 30, 40 மடங்குன்னு பெருக்கித்தான் விலை பேசுவாங்க. மாசம் 10,000 லாபம் வர்ற சைட், 30 மடங்குக்கு 3 லட்சம். "ரெண்டரை வருஷத்துல போட்ட பணம் வந்துடும் சார்" என்பாங்க.

வருமானம் மாசாமாசம் 5 சதவீதம் குறையுதுன்னு வைங்க. 30 மாசத்துல கைக்கு வர்றது சுமார் 1.57 லட்சம். எத்தனை வருஷம் காத்திருந்தாலும் மொத்தமே 2 லட்சத்தைத் தாண்டாது, போட்டுப் பாருங்க. 5 சதவீதம் என்ன அதிகமா? 2023 செப்டம்பர்ல கூகுள் செஞ்ச ஒரே ஒரு அப்டேட்ல எத்தனையோ சின்ன சைட்டுகளோட டிராஃபிக் சரிஞ்சது. இப்போ தேடினா ஏஐ-யே மேல பதில் சொல்லிடுது. இதுக்குப் பர்சனல் லோன் எடுக்கறேன்னு சொன்னா நான் நேரடியாவே வேண்டாம்னுதான் சொல்வேன்.

அப்படியும் வாங்கணும்னா, ஸ்க்ரீன்ஷாட்டை நம்பாதீங்க. 12 மாச பேங்க் ஸ்டேட்மென்ட்ல விளம்பரப் பணம் வந்த வரிகளைக் காட்டச் சொல்லுங்க, கூடவே ஐடிஆர் கேளுங்க. "அந்த வருமானத்தை ரிட்டர்ன்ல காட்டல" என்று விக்கிறவர் சொன்னா, ஒண்ணு வருமானம் பொய், இல்ல ஆள் சரியில்ல. ஆட்சென்ஸ் அக்கவுன்ட் சைட்டோட சேர்ந்து கைமாறாது என்பதையும் ஞாபகம் வெச்சுக்கோங்க. நீங்க உங்க பேர்ல புதுசா அனுமதி வாங்கணும். பணத்தை எஸ்க்ரோவுல போடுங்க, டொமைன் உங்க அக்கவுன்ட்டுக்கு வந்த பிறகுதான் விடுவிக்கணும்.

வரிக்கு வருவோம். எப்பவாவது ஒரு டொமைனை வித்தா மூலதன ஆதாயம். 24 மாசத்துக்கு மேல வெச்சிருந்தா 12.5 சதவீதம், அதுக்குள்ள வித்தா உங்க ஸ்லாப். தொடர்ந்து வாங்கி வித்துட்டே இருந்தா அது தொழில் வருமானம், ஐடிஆர்-3 போடணும். ரெண்டுல எதுவா இருந்தாலும் வழக்கமான ஐடிஆர்-1 செல்லாது. நீங்களே உருவாக்கின சைட்டை மூலதனச் சொத்தா விக்கும்போது, 2023 பட்ஜெட் திருத்தப்படி அதோட அடக்க விலை பூஜ்யம். ராத்திரி ராத்திரியா உட்கார்ந்து எழுதின உழைப்புக்குக் கழிவு கிடையாது, வித்த விலை கிட்டத்தட்ட மொத்தமும் ஆதாயம்.

ஒரு டொமைன் மட்டும் எல்லாரும் கவனிக்கணும்னு சொல்வேன், உங்க வீட்டுக் கடையோட பேர். சத்திரப்பட்டியில பேண்டேஜ் துணி யூனிட்டோ, ராஜபாளையத்துல ஸ்வீட் ஸ்டாலோ, எதுவா இருந்தாலும் சரி. அப்பா வெப்சைட் டிசைனரை நம்பி விட்டிருப்பார், டொமைன் அந்த டிசைனரோட மெயில் ஐடியில இருக்கும். அவர் நம்பரை மாத்திட்டா கடை முகவரியே போச்சு. பத்து வருஷப் பழைய கஸ்டமர் மெயில் எல்லாம் அதுலதான் வந்துட்டு இருக்கும். இந்த வாரக் கடைசியில ஊருக்குப் போனா, ரெஜிஸ்ட்ரார் அக்கவுன்ட் யார் பேர்ல இருக்கு, எந்தத் தேதியில முடியுதுன்னு அப்பாகிட்ட கேட்டுப் பாருங்க.