நம் பள்ளிக்குத் தேவை பைனாகுலரே

பள்ளிக்கு ஒரு தொலைநோக்கி வாங்க வேண்டும் என்ற பேச்சு சில காலமாக நம்மிடையே நடந்து வருகிறது. அன்புள்ளம் கொண்ட பெற்றோர் சிலர் பொருளுதவி செய்யவும் முன்வந்திருக்கின்றனர். அவர்களுக்கு எங்கள் நன்றி உரித்தாகுக. ஆனால் அந்தப் பணத்தில் ஒரே ஒரு தொலைநோக்கி வாங்கி ஆய்வகத்தின் கண்ணாடி அலமாரியில் வைப்பதைவிட, அதே தொகைக்கு நான்கைந்து பைனாகுலர்கள் வாங்குவதே மாணவியருக்குப் பெரும் பயன் தரும் என்பது மேல்நிலை வகுப்பு மாணவியராகிய எங்கள் துணிபு. அதற்கான காரணங்களை அருட்சகோதரியர், பெற்றோர், உடன்பயிலும் மாணவியர் ஆகியோர் முன் இம்மலரின் வாயிலாக வைக்க விழைகிறோம்.

தொலைநோக்கியைக் குறை கூறுவது எங்கள் நோக்கமன்று. சனிக் கோளின் வளையத்தைக் காண வேண்டுமானால் தொலைநோக்கிதான் வேண்டும். கையில் பிடிக்கும் பைனாகுலரில் அது தெரியாது. ஆனால் 40 பேர் கொண்ட ஒரு வகுப்பு, ஒரே தொலைநோக்கியின் முன் வரிசையில் நின்றால் என்ன நடக்கும்? ஒருத்தி பார்த்து முடிப்பதற்குள் பூமியின் சுழற்சியால் கோள் பார்வைப் பரப்பை விட்டு நகர்ந்துவிடும். ஆசிரியை வந்து மீண்டும் சரிசெய்து தர வேண்டும். வரிசையின் கடைசியில் நிற்பவளுக்கு முறை வருமுன் விடுதியில் சாப்பாட்டு மணி அடித்துவிடும். பகலிலோ அதற்கு வேலையே இல்லை. வானைப் பார்ப்பதற்கென்று செய்யப்பட்ட தொலைநோக்கிகள் பலவற்றில் உருவம் தலைகீழாகவோ இடவலம் மாறியோதான் தெரியும். தலைகீழாக நிற்கும் மீன்கொத்தி யாருக்கு வேண்டும்? நாம் திருப்பி அமைக்கும்வரை அது காத்திருக்கவும் செய்யாது.

பைனாகுலர் என்பது இரண்டு சிறு தொலைநோக்கிகளைச் சேர்த்துக் கட்டியதுதான். ஆனால் உள்ளே இருக்கும் முப்பட்டகங்கள் உருவத்தை நிமிர்த்திக் காட்டுகின்றன. இத்தாலியரான இக்னாசியோ போர்ரோ 1854ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. தோள் புடைத்தாற்போல் அகன்றிருக்கும் பழைய மாதிரிப் பைனாகுலர்களில் இருப்பது இந்த அமைப்பே. நேர்க்குழாய் வடிவில் அழகாக இருக்கும் வேறு வகையும் உண்டு. ஆனால் அதன் முப்பட்டகத்தை மிகத் துல்லியமாகச் செய்ய வேண்டியிருப்பதால் விலை ஏறிவிடுகிறது. குறைந்த பணத்தில் தெளிந்த பார்வை வேண்டுவோர் அழகைப் பாராமல் தோள் புடைத்ததையே வாங்குவது நலம்.

இனி எண்களுக்கு வருவோம். ஏமாற்று நடப்பது இங்கேதான். ஒவ்வொரு பைனாகுலரின் மீதும் 8×40, 10×50 என்று இரண்டு எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். முதல் எண் உருப்பெருக்கம். 8 என்றால், 80 மீட்டர் தொலைவில் நிற்கும் நாரை 10 மீட்டரில் நிற்பதுபோல் தெரியும். இரண்டாம் எண், முன்புற லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். ஒளியை அள்ளித் தருவது இந்த லென்ஸ். இருளில் நன்கு விரிந்த இளங்கண்ணின் பாவை ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் இருக்கும். 40 மில்லிமீட்டர் லென்ஸின் பரப்போ அதைப்போல் 30 மடங்குக்கும் மேல். கண்ணுக்கு எட்டாத விண்மீன்கள் பைனாகுலரில் எட்டுவது இதனால்தான்.

இரண்டாம் எண்ணை முதல் எண்ணால் வகுத்துப் பாருங்கள். 40ஐ 8ஆல் வகுத்தால் 5. பைனாகுலரிலிருந்து நம் கண்ணுக்குள் வரும் ஒளிக்கற்றையின் அகலம் அது, அதாவது 5 மில்லிமீட்டர். மாலை மங்கலிலும் இரவிலும் இது தாராளம். சட்டைப் பைக்குள் அடங்கும் 10×25ஐ வகுத்தால் இரண்டரைதான் வரும். நண்பகலுக்கு அது போதும். பொழுது சாய்ந்தால் போதாது. 7×50ஐ வகுத்தால் 7 கிடைக்கும். கப்பலில் இரவுக் காவல் இருப்போர் விரும்பும் அளவு அது. ஆனால் வயது ஏற ஏறக் கண் பாவை அவ்வளவு விரிவதில்லை; ஆகவே பெரியவர்கள் பார்க்கும்போது அந்த ஒளியில் ஒரு பகுதி வீண்தான்.

இதை அறியாதவர்கள், எண் பெரிதானால் பொருளும் உயர்ந்தது என்று எண்ணிவிடுகின்றனர். பொருட்காட்சியிலும் கடைத்தெருவிலும் 50 மடங்கு, 100 மடங்கு என்று கூவி விற்கிறார்களே, அவற்றை நம்ப வேண்டாம். சொல்லும் எண் பெரும்பாலும் உண்மையன்று. உண்மையாகவே இருந்தாலும் பயனில்லை. உருவம் பெருகுவதுபோலவே கைநடுக்கமும் பெருகும். 10 மடங்குக்கு மேல் போனால் கையில் பிடித்துப் பார்ப்பது கடினம். பறவை நிலநடுக்கத்தில் சிக்கியதுபோல் ஆடும். உருப்பெருக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் ஜூம் வகையும் நமக்கு ஆகாது. முன் லென்ஸ்கள் செக்கச்செவேல் என்று மாணிக்கம்போல் மின்னுபவையும் அப்படியே. அந்தப் பூச்சு சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பிவிடுவதால் உள்ளே எல்லாம் பச்சை பாய்ந்து தெரியும். நல்ல மேற்பூச்சு அடக்கமான பச்சையாகவோ ஊதாவாகவோ தோன்றும். பளபளப்பைக் கண்டு மயங்க வேண்டாம் என்று அருட்சகோதரியர் நமக்கு நாள்தோறும் சொல்வது லென்ஸுக்கும் பொருந்துகிறது!

ஆகவே எங்கள் தேர்வு 8×40 அல்லது 8×42. எடை முக்கால் கிலோ அளவில் இருக்கும். ஆறாம் வகுப்புச் சிறுமியும் தூக்கலாம். விண்மீன்களுக்கு 10×50 சற்று மேல் என்பதில் ஐயமில்லை. ஆனால் அதன் கனமும் ஆட்டமும் சிறு கைகளுக்கு ஒத்துவரா. வேண்டுமானால் ஒன்று மட்டும் அந்த அளவில் வாங்கி, ஸ்டாண்டில் பொருத்தி வைக்கலாம். இன்றைய நிலையில் 8×40 அளவில் நல்ல பைனாகுலர் ஒன்று 5,000 முதல் 10,000 ரூபாய்க்குள் கிடைக்கிறது.

வாங்கும்போது கடையிலேயே சோதித்துப் பார்க்க வேண்டும். தொலைவில் உள்ள மின்கம்பத்தைப் பாருங்கள். அது இரண்டாகத் தெரிந்தாலோ, பார்த்த சிறிது நேரத்தில் தலை வலித்தாலோ, குழாய்கள் இரண்டும் ஒரே திசையை நோக்கவில்லை என்று பொருள். அதை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். பிறகு கையை நீட்டிப் பிடித்து வானத்தை நோக்கினால், கண் வைக்கும் லென்ஸ்களில் இரண்டு ஒளி வட்டங்கள் தெரியும். அவை முழு வட்டமாக இருக்க வேண்டும். ஓரம் வெட்டுண்டு சதுரம்போல் இருந்தால் முப்பட்டகத்தில் மட்டமான கண்ணாடியைப் போட்டிருக்கிறார்கள். கண்ணாடி அணியும் மாணவியர் நம்மில் பலர். அவர்கள் ரப்பர் வளையத்தை மடித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றாமலே முழு வட்டமும் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். இன்னொன்றைப் பலர் மறந்துவிடுகின்றனர். சிறுமிகளின் கண்கள் நெருங்கி இருக்கும். பைனாகுலரை நன்றாக மடக்கினாலும் குழாய்கள் போதிய அளவு நெருங்காவிட்டால் அவர்களுக்கு இரண்டு கண்ணாலும் பார்க்க இயலாது. ஆகையால் வாங்கச் செல்லும்போது ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தியையும் அழைத்துச் செல்வது நல்லது.

இவ்வளவு செய்து வாங்கி எதைப் பார்ப்பது? வெகுதூரம் போக வேண்டாம். ஆலமர உச்சியிலிருந்து டொங்க், டொங்க் என்று ஓயாமல் செம்பு தட்டும் ஓசையை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். வெறுங்கண்ணுக்கு அந்தப் பறவை ஒரு கறுத்த காய்போல்தான் தெரியும். 8 மடங்கு அருகில் வந்தால், நெற்றியிலும் மார்பிலும் குங்குமச் சிவப்பு, தொண்டையிலும் கண்ணைச் சுற்றியும் மஞ்சள், உடல் பச்சை! அதுதான் செம்மார்புக் குக்குறுவான். வேடந்தாங்கலுக்குச் சுற்றுலா செல்லும் பள்ளிப் பிள்ளைகள் பெரும்பாலும் ஏரிக்கரையில் நின்று வெள்ளைப் புள்ளிகளைப் பார்த்துவிட்டு, கட்டிக்கொண்டு போன புளியோதரையைச் சாப்பிட்டுத் திரும்புகின்றனர். பறவை எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதை உணர்ந்து அவ்வூரார் தலைமுறை தலைமுறையாகக் காத்த இடம் அது. 1798ஆம் ஆண்டிலேயே செங்கல்பட்டு ஆட்சியரிடம் அதற்கு எழுத்து மூலமான உரிமையும் பெற்றிருந்தனர். அங்கே நத்தைகுத்தி நாரையின் அலகு நடுவில் இடைவெளி விட்டிருப்பதையும், கரண்டிவாயனின் அலகு நுனி அகப்பைபோல் தட்டையாக இருப்பதையும் காணாமல் திரும்புவது என்ன சுற்றுலா?

இரவில் அதே பைனாகுலர் மொட்டை மாடிக்கு வரலாம். சனவரி மாதம் இரவு 7 மணிக்குக் கார்த்திகைக் கூட்டம் நன்கு உயர்ந்திருக்கும். வெறுங்கண்ணுக்கு ஆறு என்று எண்ணுகிறோம். பைனாகுலரில் பத்துப் பத்தாக எண்ணலாம். கிழக்கே ஒரே வரிசையில் நிற்கும் மூன்று விண்மீன்களின் அருகில் புகைபோல் ஒரு மங்கல் தெரியும். புதிய விண்மீன்கள் பிறக்கும் வாயுமேகம் அது. நிலவைப் பௌர்ணமியன்று பார்க்க வேண்டாம், கண் கூசும். பாதி நிலவில் நிழலும் ஒளியும் சந்திக்கும் கோட்டில் பள்ளங்கள் தெளிவாகத் தெரியும். வியாழன் வானில் இருக்கும் காலத்தில், முழங்கைகளைக் கைப்பிடிச் சுவரில் ஊன்றி ஆடாமல் பார்த்தால், கலீலியோ 1610ஆம் ஆண்டு சனவரியில் கண்ட நான்கு நிலவுகளில் இரண்டு மூன்றையேனும் நாமும் காணலாம். ஒன்று மட்டும் கண்டிப்பு: எக்காரணம் கொண்டும் சூரியனை நோக்கக் கூடாது. நொடிப்பொழுதில் பார்வை போய்விடும்.

பெண்பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதற்கு, தேர்வுக்கு உதவுமா என்று பெற்றோர் சிலர் கேட்கக்கூடும். கீழ்த்திசை ஞானிகள் பைனாகுலர் இல்லாமலே விண்மீனைக் கண்டுகொண்டனரே என்று எங்களிடமே ஒருவர் வேடிக்கையாகக் கேட்டார். அவர்களுக்குத் தெருவிளக்கு இல்லாத வானம் வாய்த்திருந்தது என்பதே எங்கள் பதில். முதற்கேள்விக்குப் பதில் வத்திக்கானில் இருக்கிறது. உலகின் பல வான் ஆய்வகங்கள் சேர்ந்து வானத்தை வரைபடமாக்க முனைந்தபோது, வத்திக்கானின் பங்கை அளந்து முடித்தவர்களில் நால்வர் கன்னியர். எமிலியா பொன்சோனி, ரெஜினா கொலம்போ, கொன்செத்தா ஃபினார்தி, லூயிஜா பஞ்சேரி என்ற அந்த அருட்சகோதரியர், 1910 முதல் 1921 வரை, புகைப்படத் தகடுகளை நுண்ணோக்கியில் வைத்து ஒருவர் அளக்க ஒருவர் எழுத, 4,81,215 விண்மீன்களின் இடத்தையும் ஒளியையும் பதிவு செய்தனர். அவர்களின் பெயர்கள் வெளியுலகுக்குத் தெரிய வந்தது 2016இல்தான். பைனாகுலரைப் பற்றியே கேட்டால், இங்கிலாந்தில் பள்ளி ஆசிரியராக இருந்த ஜார்ஜ் ஆல்காக், 1983ஆம் ஆண்டு, தம் வீட்டிற்குள் நின்றபடி, மூடிய சன்னல் கண்ணாடி வழியே, பெரிய பைனாகுலர் ஒன்றினால் வால்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தார்.

ஆகவே எங்கள் வேண்டுகோள் மூன்று. வாங்கும் பைனாகுலர்கள் ஆய்வக அலமாரியில் அன்றி நூலகத்தில் இருக்கட்டும். புத்தகத்தைப்போல் கையெழுத்திட்டு எடுத்துச் செல்ல இசைவு வேண்டும். மழைக்காலத்தில் லென்ஸுக்குள் பூஞ்சணம் படரும் என்பதால், மூடிய டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்களோடு வைக்கும் பொறுப்பை நாங்களே ஏற்கிறோம். கழுத்து வாரை மாட்டாமல் எவரும் தொடக் கூடாது என்ற விதியையும் எழுதி ஒட்டுவோம். அடுத்தது, மாலை 6 மணிக்குப் பூட்டப்படும் மொட்டை மாடிக் கதவு. மாதத்தில் இரண்டு நாட்கள், அமாவாசையை ஒட்டி ஒரு மாலையும் பாதி நிலவில் ஒரு மாலையும், அருட்சகோதரி ஒருவரின் துணையோடு இரவு 8 மணி வரை அதைத் திறந்துவைக்க வேண்டுகிறோம். வெளியூர் மாணவியரின் பெற்றோர் அன்றைக்கு மட்டும் வந்து அழைத்துச் செல்ல இசைவார்களானால் விடுதி மாணவியர் மட்டுமன்றி எல்லோரும் பங்கு பெறலாம். வரும் பெற்றோரும் ஒருமுறை பார்த்துவிட்டுப் போகலாம். மூன்றாவது, நாள், நேரம், பார்த்தது, பார்த்தவர் பெயர் ஆகியவற்றை எழுதி வைக்க ஒரு பதிவேடு. அதற்குப் பொருளுதவி வேண்டாம், நோட்டுப் புத்தகம் ஒன்றை வாங்கி அட்டை போட்டு வைத்திருக்கிறோம்.