ஊராரின் பொருளும் ஊராரின் சொல்லும்

தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறை அமைச்சர் மாண்புமிகு பெரியீர்,

ஊர்ப் பள்ளிக்கு ஊரார் பொருளுதவி செய்ய முன்வர வேண்டும் என்று தங்கள் துறை சில ஆண்டுகளாக விடுத்துவரும் வேண்டுகோளை மறுத்து நான் இம்மடலை வரையவில்லை. அவ்வேண்டுகோள் நம்முடைய மரபுக்கு உகந்ததே என்றும், அதற்குச் செவிசாய்க்கும் நல்லோர் இன்னும் ஊர்தோறும் இருக்கிறார்கள் என்றும் நம்புகிறவர்களில் நானும் ஒருவன். ஆனால், பொருளைக் கேட்கிற சர்க்கார் அப்பொருளைத் தருகிற ஜனங்களுடைய அபிப்பிராயத்தையும் கேட்க வேண்டும் என்பதும், கேட்டுவிட்டுக் கோப்பில் கட்டிவைக்காமல் அதற்குச் சட்டத்தின் பலத்தையும் அளிக்க வேண்டும் என்பதும் என் விண்ணப்பம்.

இந்த ராஜ்யத்தில் இது புதிய யோசனையன்று. காமராஜர் முதலமைச்சராகவும் நெ. து. சுந்தரவடிவேலு பொதுக் கல்வி இயக்குநராகவும் இருந்த காலத்தில், 1956-இல் பகல் உணவுத் திட்டம் தொடங்கியபோது அதன் அடுப்பில் முதலில் எரிந்தது ஊரார் கொடுத்த விறகுதான். சர்க்கார் பணம் அதற்குப் பின்னரே வந்து சேர்ந்தது. அடுத்து 1958-இல், அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்துக் கடம்பத்தூரில் பள்ளிச் சீரமைப்பு மாநாடு கூடிற்று. அதைப் பின்பற்றி மாவட்டந்தோறும் மாநாடுகள் நடந்தன. ஒருவர் நிலம் கொடுத்தார், ஒருவர் கட்டடம் எழுப்பினார், வசதி குறைந்தவர்கள் மணியும் கடிகாரமும் உலக உருண்டையும் பெஞ்சுகளும் ஏழைப் பிள்ளைகளுக்குச் சீருடையும் கொண்டுவந்தார்கள் என்பது யாவரும் அறிந்த சரித்திரம். அதிகம் பேசப்படாத அம்சம் ஒன்று உண்டு. மாநாட்டுக்கு முன்னதாகவே ஒவ்வொரு பள்ளியின் தேவைகளும் அந்தந்த ஊரிலேயே கணக்கெடுத்துப் பட்டியலாக்கப்பட்டன. எந்தப் பள்ளிக்கு எது வேண்டும் என்பது தலைநகரத்து மேஜையில் தீர்மானமாகவில்லை. கொடைகள் அவ்வளவு தாராளமாகக் குவிந்ததற்குத் தலைவர்களுடைய கவர்ச்சியைக் காரணமாகச் சொல்லுவதே வழக்கம்; நானோ அந்தப் பட்டியலைத்தான் காரணமாகச் சொல்லுவேன்.

இன்றும் சில மாவட்டங்களில் ‘கல்விச் சீர்’ என்ற பெயரால் ஓர் அழகிய வழக்கம் வளர்ந்திருக்கிறது. தாய்மாமன் சீர் கொண்டுவருவதுபோல, மேளதாளத்துடன் பீரோவும் நாற்காலியும் மின்விசிறியும் தண்ணீர்க் குடமும் நோட்டுப் புத்தகங்களும் தாம்பாளங்களில் தெருவழியே ஊர்வலமாக வந்து பள்ளி வாசலில் இறங்குகின்றன. 2022 டிசம்பரில் தொடங்கப்பட்ட ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி’ திட்டமோ, கடல் கடந்து வாழும் பழைய மாணவர்களும் பெரிய நிறுவனங்களும் தாம் விரும்பிய அரசுப் பள்ளிக்கு உதவ வழிசெய்திருக்கிறது. இவை இரண்டையும் நான் மனமாரப் பாராட்டுகிறேன். எனினும், கோயில் குழல்விளக்கில் ‘உபயம்’ என்று எழுதி, அதன் கீழே கொடுத்தவருடைய பெயரையும் அவர் தகப்பனாருடைய பெயரையும் கடைப் பெயரையும் பொறித்துப் பாதி வெளிச்சத்தை மறைத்துவிடும் நம்மவர் குணம் பள்ளிக்கூட வாசலோடு நின்றுவிடும் என்று தாங்கள் எதிர்பார்க்க மாட்டீர்கள். கொடையாளிக்குப் பெயர் விளங்கும் பொருள்கள் எளிதில் வந்துவிடுகின்றன. கழிப்பறையைத் தினமும் கழுவுகிறவருக்கு மாதம் கொடுக்க வேண்டிய கூலிக்கும், மின் கட்டணத்துக்கும், ஒழுகும் ஓட்டை மாற்றுவதற்கும் உபயதாரர் அகப்படுவதில்லை. வெளிநாட்டில் உத்தியோகம் பார்க்கும் பழைய மாணவர் நூறு பேரை உடைய ஊரும், பத்தாம் வகுப்பைத் தாண்டியவர்களே அரிதாக உள்ள மலையடிவாரக் குக்கிராமமும் கொடை விஷயத்தில் சமானமாகிவிடவும் முடியாது.

ஆகவே கொடையை மட்டும் நம்பியிருப்பது நியாயமன்று; வரிப்பணமே பள்ளியின் ஆதாரம். அந்த ஆதாரத்தின் நிலை என்ன? முப்பதுக்கு மேல் நூறு பிள்ளைகள் வரை உள்ள ஓர் அரசுப் பள்ளிக்குச் சமக்ர சிக்ஷா திட்டத்தில் வகுத்திருக்கும் பள்ளி மானியம் ஆண்டுக்கு 25,000 ரூபாய். சுண்ணக்கட்டி முதல் சிறு பழுதுபார்ப்பு வரை அதற்குள் அடங்க வேண்டும். அந்தத் திட்டத்தின்கீழ் 2024-25-ஆம் ஆண்டுக்கு வரவேண்டிய 2,152 கோடி ரூபாய், ஒன்றிய சர்க்காருக்கும் மாநில சர்க்காருக்கும் இடையே எழுந்த கொள்கைப் பூசலால் தடைபட்டு, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றதைத் தங்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. அந்தப் பூசலில் எவர் பக்கம் நியாயம் என்பது இங்கே என் விஷயமன்று. மேலிடங்களில் நடக்கும் சண்டையில் கீழேயுள்ள பள்ளி முடங்குவதை ஊர் ஜனங்கள் பத்திரிகையில் படித்துத் தெரிந்துகொள்கிறார்களே தவிர, தம் பள்ளிக்கு எவ்வளவு வரவேண்டியிருந்தது, எவ்வளவு வரவில்லை என்பதை அவர்களுக்கு எவரும் சொல்லவில்லை என்பதுதான் என் விசாரம்.

நகரவாசிகள் கதை இதைவிட வேடிக்கை. 1920-ஆம் ஆண்டின் தொடக்கக் கல்விச் சட்டம் ஸ்தல ஸ்தாபனங்களுக்குக் கல்வி வரி விதிக்கும் அதிகாரத்தை அளித்தது. நூறாண்டு கடந்தும் நகரங்களில் சொத்து வரியோடு சேர்ந்து அந்த வரி வசூலாகிறது. 1948-ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டத்தின்படி நூலக வரியும் அவ்வாறே வசூலாகிறது. வீட்டு வரி கட்டுகிற பிரஜை, பெற்ற பிள்ளைகள் கட்டணப் பள்ளிக்குப் போனாலும், பிள்ளைகளே இல்லாவிட்டாலும், தெருக்கோடியில் உள்ள மாநகராட்சிப் பள்ளிக்குத் தானும் ஒரு பங்காளி என்பதை அறிந்தால், அந்த வாசலை வேறு கண்ணோடு பார்ப்பார் அல்லவா? பெரும்பாலோர் அறியார். சர்க்காரும் அறிவிக்க ஆவல் காட்டியதில்லை. அறிந்தவர்கள் கணக்குக் கேட்பார்கள் என்ற அச்சம் காரணமாக இருக்கலாம்.

கிராமத்திலோ பள்ளியின் பலகை ‘ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி’ என்று இன்னும் அறிவிக்கிறது. 1981 ஜூன் முதல் அதன் ஆசிரியர்கள் அரசு ஊழியர்களாகிவிட்டார்கள். அது அவர்களுக்குக் கிடைத்த நியாயமான கௌரவம், அதைக் குறைகூற நான் துணியேன். ஆனால், அன்று முதல் ஊரார் தேர்ந்தெடுத்த பிரதிநிதிக்குப் பள்ளியோடு இருந்த பந்தம் சுவருக்கு வெள்ளையடிக்கும் அளவிலே சுருங்கிவிட்டது. கட்டாயக் கல்விச் சட்டம் 2010 ஏப்ரலில் அமலுக்கு வந்தபோது பள்ளி மேலாண்மைக் குழு என்ற ஒன்றைத் தந்தது: உறுப்பினரில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதி பெண்கள், பள்ளி வளர்ச்சித் திட்டம் தீட்டுவது அவர்கள் கடமை. ஏட்டில் இதைவிட உத்தமமான ஏற்பாடு அரிது. நடைமுறையிலோ, தலைமையாசிரியர் முன்னமே எழுதிவைத்த தீர்மானத்தின் அடியில், கூலிவேலையை அரைநாள் விட்டுவிட்டு ஓடிவந்த தாய்மார்கள் கையெழுத்திட்டுத் திரும்புகிற கூட்டங்களே மிகுதி. அவர்களைக் குற்றம் சொல்லி என்ன பிரயோஜனம்? தாம் எழுதும் திட்டத்துக்குப் பணமும் இல்லை, அதை நிராகரிப்பவர் காரணம் சொல்ல வேண்டிய நிர்ப்பந்தமும் இல்லை என்பதை அவர்கள் முதல் கூட்டத்திலேயே கண்டுகொண்டார்கள்.

இதற்கு மாறாக, அமெரிக்க நாட்டின் நியூயார்க் மாநிலத்தில், பெருநகரங்கள் ஐந்து நீங்கலாக, ஆண்டுதோறும் மே மாதத்து மூன்றாம் செவ்வாய்க்கிழமை ஒவ்வொரு பள்ளி வட்டாரத்து வாக்காளரும் பள்ளியின் வரவு செலவுத் திட்டத்துக்கு ஆம் என்றோ இல்லை என்றோ வாக்களிக்கிறார்கள். வரி உயர்வு சட்டம் குறித்த வரம்பைத் தாண்டினால் நூற்றுக்கு அறுபது வாக்கு வேண்டும். இருமுறை தோற்றால் சென்ற ஆண்டு வரிக்கு மேல் காலணா வசூலிக்க முடியாது. இதில் எனக்குப் பிடித்தது வாக்கு அன்று. வாக்குக்கு முந்திய வாரங்கள். பிள்ளைகளையெல்லாம் வளர்த்து அனுப்பிவிட்ட கிழவரிடமும் பள்ளி நிர்வாகிகள் போய், இந்தச் செலவு எதற்கு என்று விளக்கியாக வேண்டும். நம் வாக்காளருக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஒரே பொத்தான். சாலை, ரேஷன், ஜாதி, சினிமா எல்லாவற்றோடும் பள்ளியையும் சேர்த்து அதில் அழுத்திவிட வேண்டியதுதான்.

ஆனால் அந்நாட்டு முறையை அப்படியே பெயர்த்து நடும்படி நான் சொல்லவில்லை. அதில் ஒரு பெரிய அநீதியும் குடியிருக்கிறது. டெக்ஸாஸ் மாநிலத்து சான் அன்டோனியோ நகரில், ஏழை மெக்ஸிக வம்சத்தார் மிகுந்த எட்ஜ்வுட் என்னும் வட்டாரத்தாரால் 1967-68-இல் 100 டாலர் சொத்துக்கு 1 டாலர் 5 சென்ட் வரி விதித்தும், மாணவர் ஒருவருக்கு 26 டாலரே திரட்ட முடிந்தது. அதே நகரில், செல்வர் வாழும் ஆலமோ ஹைட்ஸ் வட்டாரத்தார் 85 சென்ட் மட்டும் விதித்து 333 டாலர் திரட்டினார்கள். அதிக வரி கொடுத்தவர் பிள்ளைக்குக் குறைந்த கல்வி! வழக்கு 1973-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தை எட்டியபோது, ஐவர் ஒருபுறமும் நால்வர் மறுபுறமுமாக நின்று, அரசியல் சட்டப்படி இதில் குற்றமில்லை என்று பெரும்பான்மையோர் தீர்ப்புச் சொன்னார்கள். டெக்ஸாஸ் மாநிலத்தின் சொந்த உச்ச நீதிமன்றம் 1989-இல் அந்த ஏற்பாட்டைச் செல்லாதென்று தள்ளிய பிறகே, செல்வ வட்டாரங்களின் உபரி வரியை ஏழை வட்டாரங்களுக்குத் திருப்பும் சட்டம் வந்தது. ஊர்ப் பற்றையும் ஊர்ச் செல்வத்தையும் ஒன்றாகக் கருதிவிட்டால் நேரும் விபரீதம் இது. நம் பக்கத்தில் கேரளம் தொண்ணூறுகளில் தொடக்கப் பள்ளியைக் கிராமப் பஞ்சாயத்திடமும் உயர்நிலைப் பள்ளியை ஜில்லா பஞ்சாயத்திடமும் ஒப்படைத்ததோடு, திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலாகவே ஸ்தல ஸ்தாபனங்களுக்குப் பிரித்துக் கொடுத்தது. அதிகாரத்தோடு பணமும் இறங்கினால்தான் அது நிற்கும்.

ஆகையால் என் கோரிக்கை இது. பள்ளி மேலாண்மைக் குழு தீட்டும் வளர்ச்சித் திட்டத்தை, வரவு செலவுக் கணக்கோடு, ஆண்டுக்கு ஒருமுறையேனும் கிராம சபையில் உரக்க வாசித்து, வாக்காளர்களின் தீர்மானத்தைப் பெற வேண்டும். நகரங்களில் அதே காரியத்தைப் பகுதி சபைகள் செய்யலாம், அங்கே கல்வி வரியில் அந்த வார்டுக்குச் செலவானது இவ்வளவு என்ற குறிப்பும் சேர வேண்டும். அவ்வாறு நிறைவேறிய தீர்மானத்தில் சர்க்காரிடம் கேட்ட தொகையைத் துறை மறுக்குமானால், மறுப்பின் காரணத்தை அடுத்த கூட்டத்துக்கு முன் எழுத்தில் தர வேண்டும். ஊரார் தம் பங்காக ஒரு ரூபாய் திரட்டினால் சர்க்கார் எத்தனை ரூபாய் சேர்ப்பது என்பதை அந்த ஊரின் வறுமைக்குத் தக்கபடி நிர்ணயிக்க வேண்டும்: வசதியுள்ள ஊருக்குக் குறைவாகவும், ஒன்றுமில்லாத ஊருக்கு அதன் உழைப்பையே பங்காக ஏற்று முழுமையாகவும். வெறும் கொடை ஒன்றையே அளவாகக் கொண்டு ஒரு பள்ளியை மேல், ஒரு பள்ளியைக் கீழ் என்று வரிசைப்படுத்தும் வழக்கம் எங்கேனும் தலைகாட்டினால் அதைத் தாங்களே தடுக்க வேண்டும்.

கூட்டங்களில் சச்சரவு வரும், ஜாதி வரும், உள்ளூர்ப் பெரிய மனிதர்கள் குரலை உயர்த்துவார்கள் என்று தங்கள் அதிகாரிகள் சொல்லக்கூடும். வரும்தான். அவையெல்லாம் இப்போதும் பள்ளியில் இல்லாமல் இல்லை. சபையில் வந்தால் நாலு பேர் காதில் விழும்.

கிராம சபை தங்கள் துறைக்கு உட்பட்டதன்று என்பதை அறிவேன். ஊரக வளர்ச்சித் துறை அமைச்சரோடு ஒருமுறை கலந்து பேசினால், வரும் ஆகஸ்ட் 15-ஆம் தேதிக் கூட்டத்தின் பொருள் நிரலிலேயே பள்ளிக் கணக்கைச் சேர்த்துவிடலாம். அதற்குப் புதிய சட்டம் தேவையில்லை, ஒரு சுற்றறிக்கை போதும். சட்டம் வேண்டியிருக்கிற எஞ்சிய பகுதிகளை அந்தக் கூட்டங்களின் அனுபவத்தைப் பார்த்த பிறகு எழுதிக்கொள்ளலாம்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
கல்வி வரி கட்டிவரும் வாக்காளர் ஒருவன்