இரண்டாம் இடமும் ஒரு பள்ளிக்கூடமே!



நம் பினாங்கில் காற்பந்தும் பூப்பந்தும் பேசப்படும் அளவிற்குக் கிரிக்கெட் பேசப்படுவதில்லை. இருப்பினும், இன்று ஒரு கிரிக்கெட் ஆட்டக்காரரைப் பற்றி எழுத விழைகிறேன். அவருடைய வாழ்க்கையில் ஆசிரியர்களாகிய நாம் கற்க வேண்டிய பாடம் ஒன்று இருக்கிறது. சென்னையில் பிறந்து, இந்திய அணியின் விக்கெட் காப்பாளராக ஆடி, பின்னர்ப் பயிற்றுநரான தினேஷ் கார்த்திக்தான் அவர்.

2004 செப்டம்பரில், தமது 19ஆம் அகவையில், இலண்டன் லார்ட்ஸ் திடலில் இந்தியாவிற்காக முதல் ஒருநாள் ஆட்டத்தை ஆடினார். இங்கிலாந்து அணித்தலைவர் மைக்கேல் வாகனை அவர் ஸ்டம்பிங் செய்த வேகம் அன்றே பாராட்டப் பெற்றது. ஆனால், அவ்வாண்டு டிசம்பரிலேயே மகேந்திர சிங் தோனி அணிக்குள் வந்துவிட்டார். ஓர் அணியில் விக்கெட் காப்பாளருக்கு இடம் ஒன்றே ஒன்றுதான். அதன்பின் நடந்ததை உலகமே அறியும்!

கார்த்திக் சோர்ந்து ஒதுங்கிவிடவில்லை. கையுறையைக் கழற்றி வைத்துவிட்டுத் தொடக்க மட்டையாளராக ஆடினார். 2007இல் இங்கிலாந்து மண்ணில் 21 ஆண்டுகளுக்குப் பின் இந்தியா டெஸ்ட் தொடரை வென்றபோது, இந்தியத் தரப்பில் மிகுதியான ஓட்டங்களை எடுத்தவர் அவரே, மொத்தம் 263. அப்படியிருந்தும் இடம் நிலைக்கவில்லை. 2010 ஜனவரியில் ஒரு டெஸ்ட் ஆடியவர், அடுத்த டெஸ்ட்டுக்கு 2018 ஜூன் வரை காத்திருந்தார். இடைப்பட்ட காலத்தில் மும்பையில் அபிஷேக் நாயரிடம் பயின்று, தம் ஆட்டத்தையே மாற்றியமைத்தார். கடைசிச் சில ஓவர்களில் வந்து ஆட்டத்தை முடித்து வைப்பதே தம் பணி என வகுத்துக்கொண்டார். 2018 மார்ச்சில் கொழும்பில் வங்காளதேசத்துக்கு எதிரான இறுதியாட்டத்தில், 12 பந்துகளில் 34 ஓட்டங்கள் தேவைப்பட்ட வேளையில் களமிறங்கினார். 8 பந்துகளில் 29 ஓட்டங்கள் குவித்தார். கடைசிப் பந்தில் தேவை ஐந்து. அவர் அடித்ததோ ஆறு!

ஐபிஎல் போட்டியின் முதல் 17 பருவங்களிலும் ஆடி, 2024இல் ஓய்வு பெற்றார். அவ்வாண்டு ஜூலையிலேயே பெங்களூரு அணி அவரைத் தன் மட்டைப் பயிற்றுநராகவும் வழிகாட்டியாகவும் அமர்த்தியது. 17 பருவங்களில் ஒரு முறைகூடக் கிண்ணம் வெல்லாத அவ்வணி, 2025 ஜூன் 3ஆம் நாள் பஞ்சாப் அணியை 6 ஓட்டங்களில் வீழ்த்தி வாகை சூடியது. வெற்றி பலருக்கும் உரியதுதான். ஆயினும், கார்த்திக்கின் இடத்திற்கு வந்த ஜிதேஷ் சர்மா, அப்பருவத்தில் 228 ஓட்ட இலக்கைத் துரத்திய ஆட்டத்தில் 33 பந்துகளில் 85 ஓட்டங்கள் எடுத்ததை எண்ணிப் பார்க்க வேண்டும். இவரும் விக்கெட் காப்பாளரே. இவருடைய பணியும் ஆட்டத்தை முடித்து வைப்பதே.

விக்கெட் காப்பாளர் ஏன் நல்ல பயிற்றுநர் ஆகிறார்? பந்து வீசுபவரின் கையும், மட்டையாளரின் கால் நகர்வும், களத்தின் இடைவெளிகளும் ஒருசேரத் தெரியும் இடம் அவருடையது. டெஸ்ட்டில் நாளொன்றுக்கு 90 ஓவர்கள் என்றால் 540 பந்துகள்! ஒவ்வொன்றையும் அவர் கூர்ந்து நோக்கியாக வேண்டும்.

அமெரிக்கப் பேஸ்பாலிலும் இதே நிலைதான். மட்டையாளருக்குப் பின்னால் அமர்ந்து பந்து பிடிப்பவர், களம் முழுவதையும் எதிர்நோக்கி இருப்பவர். புரூஸ் போச்சி என்பவர் 1978 முதல் 1987 வரை பெரும்பாலும் மாற்று ஆட்டக்காரராகவே அப்பணியைச் செய்தார். ஆடியவை வெறும் 358 ஆட்டங்கள். பிற்காலத்தில் அணி மேலாளராகி 2010, 2012, 2014, 2023 என நான்கு முறை உலகத் தொடரை வென்றார்.

இனி நம் பள்ளிகளுக்கு வருவோம். யுபிஎஸ்ஆர் தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. முதலிடம் யாருக்கு என்று தேடும் நம் பழக்கம் நீங்கிவிட்டதா? மாவட்டப் போட்டிக்கு அணியைத் தெரிவு செய்கிறோம். மாற்று ஆட்டக்காரராகப் பெயர் எழுதப்பட்ட பிள்ளை என்ன செய்கிறான்? தண்ணீர்ப் புட்டிகளுக்குக் காவல் இருக்கிறான்! பருவம் முடியும்வரை அவனிடம் எவரும் ஒரு கேள்விகூடக் கேட்பதில்லை.

'பொறுமையாக இரு, உன் நேரம் வரும்' என்று மட்டும் சொல்லி அப்பிள்ளையை உட்கார வைப்பது ஏமாற்று வேலை என்பது என் கருத்து. காத்திருப்பு தானாக எதையும் கற்பித்துவிடாது. கார்த்திக்கிற்குக் கைகொடுத்தவை காத்திருந்த காலத்தில் அவர் செய்த உழைப்பும், இடையிடையே கிட்டிய வாய்ப்புகளுமே ஆகும். ஆகவே, அப்பிள்ளைக்கும் வேலை கொடுப்போம். எதிரணியின் ஆட்டத்தைக் கவனித்துக் குறிப்பெழுதச் சொல்வோம். இடைவேளையில் அவன் கண்டதைக் கேட்போம். மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்கு அவனைக்கொண்டு பயிற்சி கொடுப்போம். ஒவ்வோர் ஆட்டத்திலும் சில மணித்துளிகளாவது அவனைக் களமிறக்குவோம். தோற்றால் தோற்போமே!

ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் என்னோடு பயின்ற ஒருவர் கணிதத்தில் மிகவும் தடுமாறியவர். இன்று பின்னத்தை அவரைப்போல் எளிமையாகக் கற்பிப்பவரை நான் கண்டதில்லை. பிள்ளைகள் எங்கே இடறுவார்கள் என்பதை அவர் தம் அனுபவத்தால் அறிவார்.

எல்லா மாற்று ஆட்டக்காரர்களும் பயிற்றுநர் ஆகப்போவதில்லை, அது தேவையுமில்லை. ஆனால், நாளைய நல்லாசிரியர் இன்று நம் திடலின் ஓரத்தில் பெயர் அழைக்கப்படாமல் அமர்ந்திருக்கக்கூடும். அடுத்த பயிற்சி நாளில் முதலில் அவனை அழைப்போமா, ஆசிரிய நண்பர்களே?

சிந்திப்போம். மீண்டும் சந்திப்போம்.