கடை கைமாறினால் நம்மட சாமான் என்னாகும்?



போன கிழமை ஸ்டாப் ரூமில் ஒரு டீச்சர் கேட்டார்: "சேர், ஒரு ஆப்புல ரெண்டு வருஷமா வினாத்தாள் எல்லாம் சேர்த்து வெச்சிருந்த. இப்ப திறந்தா காசு கட்டச் சொல்லுது. என்ன செய்யிற?" ஆப்பின் பெயர் இங்கு தேவையில்லை. அதை ஒரு பெரிய கம்பனி வாங்கிவிட்டது. கதை அவ்வளவுதான்.

இது புதிதல்ல. ஸ்கைப்பை நினைத்துப் பாருங்கள். கிண்ணியாவிலும் மூதூரிலும் எத்தனை பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்த வாப்பாவின் முகத்தை அதில் பார்த்து வளர்ந்தார்கள்! அலுவலகக் கூட்டங்களும் அதில்தான் நடந்தன. 2003இல் தொடங்கிய அதை 2005இல் ஈபே வாங்கியது. 2011இல் மைக்ரோசொப்ட் 8.5 பில்லியன் டொலருக்கு வாங்கியது. பிறகு டீம்ஸ் என்று சொந்தமாக இன்னொன்றையும் கொண்டு வந்தார்கள். ஒரே முதலாளிக்கு ஒரே தெருவில் இரண்டு கடை எதற்கு? 2025 பெப்ரவரி கடைசியில் அறிவித்து, மே 5ஆம் திகதி ஸ்கைப்பை மூடிவிட்டார்கள். பழைய செய்திகளை எடுக்க அவகாசம் கொடுத்தார்கள், உண்மைதான். ஆனால் அந்தத் திகதியைக் குறித்தது அவர்கள், நாமல்ல.

குறிப்பெழுதும் எவர்நோட்டும் அப்படித்தான். இத்தாலியக் கம்பனி ஒன்று வாங்கிய பிறகு, 2023 டிசம்பரில் இலவசமாகப் பாவிப்பவர்களுக்கு 50 குறிப்புகள்தான் என்று எல்லை போட்டார்கள். வாங்கியவன் போட்ட முதலை எடுக்க வேண்டுமே!

எல்லாம் கெட்டுத்தான் போகும் என்று சொல்லவில்லை. 2014இல் பேஸ்புக் வாங்கிய வட்ஸ்அப், 2016இல் தன் வருடக் கட்டணத்தையே நிறுத்தியது. ஆனால் 2021இல் புதிய நிபந்தனைகளைக் கொண்டுவந்தபோது, பிடிக்காதவர்களும் பெரும்பாலும் அங்கேயே இருந்தோம். ஏன்? எல்லாரும் அதில்தான் இருக்கிறார்கள். பெரிய கம்பனி விலை கொடுத்து வாங்குவது நம்மட இந்தப் பழக்கத்தைத்தான்.

இன்று அதிபரின் அறிவித்தல், பிள்ளைகளின் நோட்ஸ், அபிவிருத்திச் சங்கக் கணக்கு, பள்ளிவாசல் ஸகாத் பட்டியல் எல்லாம் வட்ஸ்அப் குரூப்பில்தான். "சேர், பாவிக்காம இருக்க ஏலுமா?" என்று கேட்பீர்கள். ஏலாது. நானும் பாவிக்கிறேன். நான் சொல்வது ஒன்றுதான்: ஒரே பிரதி அங்கே இருக்கக் கூடாது.

மாதம் ஒருமுறை அரை மணித்தியாலம் ஒதுக்குங்கள். வினாத்தாள்களை பீடிஎஃப் ஆக்கி பாடசாலைக் கம்பியூட்டரிலும் ஒரு பென் டிரைவிலும் வையுங்கள். கணக்கையும் கூட்ட அறிக்கையையும் பிரின்ட் எடுத்து பைலில் போடுங்கள். புது ஆப் ஒன்றில் வேலை தொடங்குமுன், "போட்டதைத் திரும்ப வெளியே எடுக்க ஏலுமா?" என்று பாருங்கள். ஏலாதென்றால் வேண்டாம்.

நம்மட துறைமுகம் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என்று எத்தனை கை மாறியது! 1957 வரை பிரித்தானியக் கடற்படை இங்கே இருந்தது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் கரையில் இருந்தவனிடம் யாரும் கேட்கவில்லை. ஆப் கைமாறும்போதும் நம்மைக் கேட்கப் போவதில்லை.

பிள்ளைகளின் வேலையும் ஊர் மக்களின் கணக்கும் நம்மிடம் உள்ள அமானிதம். அதன் ஒரு பிரதியாவது நம் கையில் இருக்கட்டும்.